கிண்ணத்தில் படிந்த கரிசல்

எங்கள் வீட்டுக் கோழிகள் தண்ணீர் குடிப்பது ஒரு டிராக்டரின் ஏர் கிளீனர் கிண்ணத்தில். கனத்த தகரக் கிண்ணம். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். உட்புறம் சுற்றிலும் ஒரு வரை ஓடும். என்ஜினுக்குள் போகும் காற்றின் புழுதியைப் பிடிக்க ஊற்றும் ஆயில் அந்த வரை வரைக்கும்தான் நிற்க வேண்டும். டிராக்டரை 2011இல் விற்றாகிவிட்டது. நசுங்கியதால் அதற்கு முன்பே கழற்றிப் போட்ட இந்தக் கிண்ணம் மட்டும் தொழுவத்தோரம் தங்கிவிட்டது. அம்மாகூட அந்த வரைக்கு மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை. கேட்டால், நிறைய ஊற்றினால் கோழி தட்டிவிட்டுவிடும் என்பாள். இருபத்தைந்து வருடம் அப்பா போட்ட சத்தம் இன்னும் அவள் காதில் நிற்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது மச்சான் அந்தக் கிண்ணத்தைக் காலால் ஓரமாக நகர்த்திவிட்டு, "அந்தக் காலத்து வண்டிதான் மாப்ளே வண்டி. இப்ப வர்றதுல என்ன இருக்கு? வெறும் பேப்பரு" என்றார். அப்பா திண்ணையில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மச்சான் சொன்னது தவறு என்று எனக்குத் தெரியும், அதை நிரூபிக்கிற கணக்கும் தெரியும். ஆனால் அதே கணக்கை ஒருமுறை அப்பாவிடம் பெருமையாகச் சொல்லித்தான் ஒரு என்ஜின் காலியானது. அதனால் வாயைத் திறக்கவில்லை. கோயம்புத்தூர் திரும்பும் பஸ்ஸில் எழுதத் தொடங்கியது இது. மூன்று மாதமாக முடிக்க முடியவில்லை.

விடிகாலை வேலை

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் கோடை உழவு பார்த்தவர்களுக்குப் புழுதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் வெடித்துக் கிடக்கும் நிலத்தில் சட்டிக் கலப்பை இறங்கினால் முதலில் கட்டி புரளும். அடுத்த சாலில் கட்டி உடையும். மூன்றாவது முறை போகும்போது மண் முகப்பவுடர் மாதிரி எழும்பி நிற்கும். எதிர்க்காற்று என்றால் பிழைத்தோம், புழுதி பின்னால் போய்விடும். காற்று முதுகில் அடித்தால் புழுதி வண்டியோடு கூடவே நடந்து வரும். அன்றைக்கு ஓட்டுகிறவர் குடிப்பதும் என்ஜின் குடிப்பதும் ஒரே காற்றுதான். அப்பா துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்வார்.

என்ஜின் எவ்வளவு காற்று குடிக்கும் என்பது பாலிடெக்னிக்கில் சேரும் வரை எனக்கு உறைக்கவில்லை. எங்கள் பழைய வண்டி மூன்று சிலிண்டர், ஏறக்குறைய இரண்டரை லிட்டர் கொள்ளளவு. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்று இழுக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால், கசிவு கழிவெல்லாம் போக நிமிடத்துக்கு 2000 லிட்டருக்குக் குறையாது. எட்டு மணி நேரம் உழுதால் பத்து லட்சம் லிட்டர் வந்துவிடும். அந்தப் பத்து லட்சம் லிட்டரும் மேலே சொன்ன புழுதிக்குள்ளிருந்துதான் வர வேண்டும். அந்தப் புழுதியில் இருக்கும் மணல்துகள் இரும்பைவிடக் கெட்டி. அது சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவே போய் ஆயிலோடு குழைந்தால், மெக்கானிக்குகள் வால்வு தேய்க்க வைத்திருக்கும் பேஸ்ட்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இதைத் தடுக்கத்தான் பானட்டுக்கு மேலே குல்லா போட்ட ஒரு குழாயும், அதன் கீழே ஒரு கருப்பு உருளையும், உருளையின் அடியில் இந்தக் கிண்ணமும் இருந்தன. வேலை செய்யும் விதத்தில் மந்திரம் எதுவும் இல்லை. குல்லாவுக்குள் காற்று சுழன்று நுழையும்போதே உமி, சருகு, பெரிய மண் எல்லாம் ஒதுங்கிவிடும். மீதிக் காற்று நடுக்குழாய் வழியாக வேகமாகக் கீழே இறங்கி, கிண்ணத்தில் இருக்கும் ஆயிலின் முகத்தில் மோதி, சட்டென்று திரும்பி மேலே ஏற வேண்டும். காற்று திரும்பிவிடும். துகளுக்கு எடை இருக்கிறது, அத்தனை சீக்கிரம் திரும்ப முடியாது. நேரே போய் ஆயிலில் விழும். திருப்பத்தில் நெளிந்து தப்பியவற்றுக்கு மேலே கம்பி வலை காத்திருக்கும். காற்று மோதும்போது தெறிக்கும் ஆயில் அந்த வலையை எந்நேரமும் நனைத்து வைத்திருக்கும். ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டு அதே ஆயில் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்துக்குத் திரும்பும். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் சல்லடை என்று வைத்துக்கொள்ளலாம். ஜீப்பில் இருந்தது இதுதான். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் 1970களின் தொடக்கம் வரை இதையேதான் வைத்திருந்தது.

ஆனால் விழுந்த மண்ணை வெளியே எடுத்துப் போட ஆள் வேண்டும். அப்பா அந்த ஆள். உழவு நாட்களில் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளிப்பைத் தட்டிக் கிண்ணத்தைக் கழற்றுவார். ராத்திரி முழுக்க நின்றதில் மண் அடியில் படிந்திருக்கும். சாய்த்தால் மேலே தெளிந்த ஆயில் நகரும், கீழே கேப்பைக் களி மாதிரி ஒரு கருஞ்சேறு அசையாமல் கிடக்கும். ஆள்காட்டி விரலை விட்டு ஆழம் பார்ப்பார். அரை அங்குலம் ஏறிவிட்டால் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, மண்ணெண்ணெயில் கிண்ணத்தை அலசித் துணியால் துடைத்து, புது ஆயில் ஊற்றுவார். காற்று முதுகில் அடித்த நாளுக்கு மறுநாள் அளவே பார்க்க மாட்டார், நேரே கொட்டல்தான். ஊரில் பாதிப் பேர் என்ஜினிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத்தான் இதற்கு ஊற்றுவார்கள். மண்ணைப் பிடிக்க எந்த ஆயிலாக இருந்தால் என்ன என்பது அவர்கள் கட்சி. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். "கருப்பு ஆயில்ல கருப்பு மண்ணு விழுந்தா எப்படிய்யா தெரியும்?" என்பார். என்ஜினுக்கு ஊற்றும் அதே கிரேடில் புது ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்றுதான் வண்டியோடு வந்த புத்தகமும் சொன்னது. அது அவருக்குத் தெரியாது.

கொட்டுவதற்கு முன் கொஞ்சம் சேற்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால் மேட்டுக்காட்டு மண், வழுவழுவென்றால் ஓடைக்காட்டு மண். அதைத் தெரிந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. ஆனாலும் தினமும் பார்ப்பார்.

வரைக்கு மேல்

ஒன்பதாவது படிக்கையில், 1991 கோடை லீவில், ஆயில் ஊற்றும் வேலையை முதன்முதலாக என்னிடம் விட்டார். வரை வரைக்கும் ஊற்றினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், கொஞ்சம் கூட இருந்தால் கூட மண் பிடிக்குமே என்று இன்னும் ஒரு தம்ளர் ஊற்றிக் கிண்ணத்தை மாட்டிவிட்டேன். குழம்பில் நல்லெண்ணெய் கூட விட்டால் ருசி கூடும் என்கிற அளவு அறிவுதான் அப்போது. ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தது. வயல் வரப்பில் ஏறும்போது அப்பா ஆக்சிலேட்டரைக் கூட்டினார். அவ்வளவுதான், என்ஜின் அதற்குப் பிறகு அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் கையை எடுத்த பிறகும் வேகம் ஏறிக்கொண்டே போனது. நிறுத்துகிற கம்பியை இழுத்தார். அது டீசலைத்தான் நிறுத்தும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது டீசலில் அல்ல, கிண்ணத்திலிருந்து காற்றோடு ஏறிய என் ஒரு தம்ளர் ஆயிலில். டீசல் என்ஜினுக்கு எரிகிற எதுவும் சாப்பாடுதான்.

அப்பா குதித்து இறங்கி, குல்லாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர்க் குடத்துக்குச் சுற்றியிருந்த ஈரச் சாக்கை மடித்துக் குழாய் வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். சாக்கு உள்ளே இழுபட்டுக் குழிந்தது. என்ஜின் திணறி நின்றது. சரி, இன்றைக்கு அடிதான் என்று வரப்பில் நின்றேன். அடிக்கவில்லை. கிண்ணம் ஆறியதும் கழற்றி, என் விரலைப் பிடித்து உள்வரையின் மேல் சுற்றிலும் ஓட்டினார். "இதுக்கு மேல ஒரு சொட்டும் கூடாது, கீழ ஒரு சொட்டும் குறையக் கூடாது." அன்றைக்கு அந்தத் தகர வரை என் விரலில் பதிந்தது. பிறகு மில்லில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ மெஷின்களில் எத்தனையோ ஆயில் அளவு பார்த்திருக்கிறேன், கை தானாக அந்த வரையைத் தேடும்.

அந்த வண்டிக்கு முதல்முறை என்ஜினை இறக்கிப் பிரித்து வேலை பார்த்தபோது மீட்டரில் 7000 மணி நேரம் தாண்டியிருந்தது. எங்கள் ஊர்ப் புழுதிக்கு அது நல்ல ஆயுசு.

பேப்பர்

மடித்த தாளால் காற்று வடிகட்டும் முறை 1950களிலேயே அமெரிக்கக் கார்களுக்கு வந்துவிட்டது. எங்கள் தொழுவத்துக்கு வர 2012 ஆனது. புது வண்டியில் கிண்ணம் இல்லை. படுக்கவைத்த பிளாஸ்டிக் உருளைக்குள் வெளியே பெரிதாக ஒரு பில்டர், அதற்குள் சிறிதாக இன்னொன்று. அப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஏய்யா, இது காலண்டர் அட்டை மாதிரில்ல இருக்கு. இதா கரிசலுக்குத் தாங்கும்?"

நான் கணக்குச் சொன்னேன். எண்ணெய்க் கிண்ணம் நன்றாக வேலை செய்யும்போது நூறு பங்கு தூசியில் 95 பங்கு, கூடிப்போனால் இன்னும் இரண்டு மூன்று பங்கு பிடிக்கும். என்ஜின் சும்மா நின்று ஓடும்போது காற்றின் வேகம் குறைவு, துகள் நிதானமாகத் திரும்பிவிடும், பிடிப்பதும் குறையும். நல்ல தாள் பில்டர் 99.9 பிடிக்கும். ஐந்து பங்கு உள்ளே போவதற்கும் ஒரு பங்கில் பத்தில் ஒன்று போவதற்கும் ஐம்பது மடங்கு வித்தியாசம். "உங்க பழைய வண்டி அவ்வளவு நாள் ஓடினது கிண்ணத்தால இல்லப்பா, உங்களால" என்று ஒரு போடும் போட்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது. எனக்கும்தான்.

சொன்னதில் பொய் இல்லை. ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டேன். தாள் பில்டருக்கு இன்னொரு குணம் உண்டு: புதிதாக இருக்கும்போதுதான் அது கொஞ்சம் அதிகமாகத் தூசியை விடும். ஓட ஓட மேலே படியும் தூசியே இன்னொரு வடிகட்டியாகிவிடும். அழுக்கான பில்டர்தான் நன்றாகப் பிடிக்கும், காற்றுக்கு மூச்சு முட்டும் வரைக்கும். மூச்சு முட்டினால் காட்டிக்கொடுக்க ஒரு சின்ன இண்டிகேட்டர் இருக்கும், சிவப்பு வந்தால் மாற்ற வேண்டும். அதற்கு முன் திறக்காமல் இருப்பதுதான் பராமரிப்பு. இதெல்லாம் வண்டிப் புத்தகத்தில் இருந்தது. புத்தகம் பீரோவில் ஆர்.சி.யோடு இருந்தது. நான் கோயம்புத்தூரில் இருந்தேன்.

அப்பா விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்துகொண்டுதான் இருந்தார். மூடியைத் திறப்பார். ஊற்ற ஆயில் இல்லை, கொட்டச் சேறு இல்லை. ஆனால் மடிப்பெல்லாம் மண். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவர் கை அப்படிப் பழகவில்லை. டயரில் தட்டினார். போதவில்லை என்று தோன்றியது. வாரம் ஒருமுறை மெயின் ரோட்டுப் பஞ்சர் கடைக்கு எடுத்துப்போய்க் கம்ப்ரஸர் காற்று அடித்தார். காற்று அடித்ததும் புதுசு மாதிரி ஆகிவிட்டது என்று போனில் சொன்னதுகூட எனக்கு நினைவிருக்கிறது. நான் வேறு ஏதோ வேலையாக "ம்" என்றேன்.

வெள்ளைத் துணி

2014 ஆவணியில் வண்டி புகைய ஆரம்பித்தது. ஆயில் குடித்தது. என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயில் கை வைத்தால் குப்குப்பென்று காற்று தள்ளியது. மீட்டரில் 1100 மணி நேரம்கூட முழுதாக ஆகவில்லை. வாரண்டி முடிந்துவிட்டது. லீவு போட்டுவிட்டு வந்தேன். சாத்தூரில் அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கமான மெக்கானிக் ஒருவர். இவரும் அவரை அண்ணாச்சி என்பார், அவரும் இவரை அண்ணாச்சி என்பார்.

அவர் என்ஜினைத் தொடவே இல்லை. முதலில் பில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸைக் கழற்றினார். விரலில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். பில்டரைத் தாண்டிய இடம் அது. அங்கே துணி வெள்ளையாகவே வர வேண்டும். துணியில் கரிசல் இருந்தது. மெழுகினாற்போல, அத்தனை நைஸாக. அவர் அதை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கி, வழக்கம்போல இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். வழுவழுவென்று இருந்திருக்கும். ஓடைக்காடு.

பிறகு பெரிய பில்டரை ஷெட்டின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோய் உள்ளே கைவிளக்கைத் தொங்கவிட்டுச் சுற்றினார். மடிப்பின் அடியில் நகக்கண் நீளத்துக்கு ஒரு கோடு வெளிச்சம். பஞ்சர் கடைக் காற்று கிழித்தது. அந்தக் காற்று லாரி டயருக்கானது. தாளுக்கு 30 பிஎஸ்ஐ அழுத்தம் போதும், அதுவும் உள்ளிருந்து வெளியே, தள்ளிப் பிடித்து. "அண்ணாச்சி, சின்ன பில்டரு?" என்றார். அப்பா கொஞ்சம் நிமிர்ந்து, "அதையும் விடலையே. மாசம் ஒருக்கா சோப்புத் தண்ணியில அலசிக் காயப்போட்டுத்தான் மாட்டுவேன்" என்றார்.

மெக்கானிக் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். உள்ளே இருக்கும் சின்னது, பெரியது கிழிந்தால் காப்பாற்றுவதற்காக வைத்தது. அதைக் கழுவக் கூடாது, ஊதக் கூடாது, வெளியே எடுக்கவே கூடாது. காலம் வந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் சுற்றியிருக்கும் மண் நேரே ஹோஸுக்குள் விழ வழி திறக்கிறோம். இதை அவர் பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "இதைத் தொடவே கூடாது அண்ணாச்சி" என்றார்.

"தொடாம எப்படி?" என்றார் அப்பா.

கோபம் இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே புரியாமல் கேட்டார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். பாலிடெக்னிக் படித்தவன், மில்லில் இதே பராமரிப்பு வேலை பார்க்கிறவன், 99.9 கணக்குச் சொன்னவன், பதில் இல்லாமல் நின்றேன். லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் ஆனது. நானே கொடுத்தேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது, அவர் எப்போதும் வேண்டாம் என்று சொல்கிறவர்.

அதன் பிறகு இந்த விஷயத்தைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1915இல் அமெரிக்காவில் ஃபிராங்க் டொனால்ட்சன் என்ற டிராக்டர் விற்பனையாளர், தான் விற்ற வண்டி புழுதியில் தேய்ந்து நிற்பதைப் பார்த்துக் கம்பிக்கூண்டில் துணி சுற்றிக் காற்று வடிகட்டி செய்து கொடுத்தாராம். நம் வண்டியில் குறை இருக்கிறது என்று எப்படி ஒத்துக்கொள்ளலாம் என்று அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், அவர் பில்டர் கம்பெனி ஆரம்பித்தார் என்பது அந்தக் கம்பெனி இன்றும் சொல்லும் கதை. இன்னொன்று யுத்தகாலத்தது. சோவியத்தின் டி-34 டாங்கி ஒன்றை அமெரிக்காவில் அபர்டீன் ராணுவச் சோதனை மைதானத்தில் ஓட்டிப் பார்த்தபோது, 343 கிலோமீட்டரில் என்ஜின் தூசியால் கெட்டு நின்றது. குற்றவாளி ஏர் கிளீனர். ராத்திரி இதைப் படித்தபோது ஒரு அற்ப சந்தோஷம் வந்தது: நமக்கு 1100 மணி நேரம் ஓடியிருக்கிறதே.

மச்சானுக்கு என்ன பதில் சொல்வது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கிண்ணம் நல்லது என்று என்னால் சொல்ல முடியாது. சரிவில் நின்றால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், மறந்தால் சேறாகும், கூடினால் என்ஜின் ஓடிப்போகும். தினமும் ஓர் ஆள் எழுந்து பார்க்காவிட்டால் அது வெறும் தகரம். அப்பா எழுந்து பார்த்தார், அதனால் அது நல்லதாக இருந்தது. தாள் அப்படி யாரையும் கேட்பதில்லை. ஆனால் நாங்கள் கிண்ணத்தில் பழகியவர்கள். பைக் பில்டரைக்கூட மாதம் ஒருமுறை கழற்றி ஊதாவிட்டால் எனக்கே தூக்கம் வராது, இத்தனைக்குப் பிறகும். கழற்றுவேன். ஊத மாட்டேன். பார்த்துவிட்டு மாட்டிவிடுவேன். அதுவும் தப்புதான்.

என்ஜின் வேலை முடிந்து வண்டி எடுக்கப் போன அன்று மெக்கானிக் ஒரு காரியம் செய்தார். பில்டர் உருளையின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வைக் காட்டினார். வாத்து வாய் மாதிரி இரண்டு உதடு சேர்ந்திருக்கும். உருளைக்குள் காற்று சுழலும்போது ஒதுங்கும் பெரிய மண் அதில்தான் வந்து சேரும். "அண்ணாச்சி, மூடியைத் தொடாதீங்க. தினம் காலைல இதை மட்டும் அமுக்கி விடுங்க. இது உங்க வேலை" என்றார். அப்பா குனிந்து இரண்டு விரலால் அமுக்கினார். என்ஜின் அப்போதுதான் பூட்டியது, உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தாலும் உள்ளங்கையை விரித்துக் கீழே பிடித்திருந்தார்.

இப்போது உழவு நாட்களில் காலை ஆறு மணிக்குப் போன் வரும். மழை, அம்மாவின் முட்டுவலி, ஆட்டுக்குட்டி எல்லாம் பேசி முடித்து வைக்கப் போகும்போதுதான் சொல்வார். "இன்னைக்கு ஒரு கை இருந்துச்சுய்யா. மேட்டுக்காட்டு மண்ணு."